சிகிச்சையை ஆய்வது யார்?

காய்ச்சலோ இருமலோ வந்தால் நம் மக்கள் முதலில் நாடுவது தெருமுனைக் கிளினிக்கைத்தான். மாலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும். டோக்கன் வாங்கி அமர்ந்தால் ஒன்பது மணிக்குள் முறை வந்துவிடும். ஊசி, மாத்திரை, கட்டணம் யாவும் ஓர் அறைக்குள் முடிந்துவிடும். 2017–18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று இதனை எண்ணாலும் உறுதிப்படுத்தியது. மருத்துவமனையில் தங்காமல் இந்திய மக்கள் பெறும் சிகிச்சையில் நூற்றுக்கு 43 பங்கு தனியார் மருத்துவர்களிடமும் சிறு கிளினிக்குகளிலும் பெறப்படுகிறது; அரசு நிலையங்களின் பங்கு 30.

அந்த 43இல் எத்தனை பேருக்கு நோய் சரியாக அறியப்பட்டது, எத்தனை பேருக்கு வேண்டாத மருந்து தரப்பட்டது என்று கேட்டால் விடை சொல்ல அரசிடம் ஏடு இல்லை. கிளினிக்கை ஆய்வதற்குச் சட்டம் உண்டு, அதிகாரி உண்டு, படிவமும் உண்டு. சிகிச்சையை ஆய்வதற்கு மட்டும் எவருமில்லை. இக்குறையைத் தமிழ்நாடு இனியும் பொறுத்திருக்கலாகாது என்பதே நம் கருத்து.

சட்டத்தின் வரலாறே நம் மெத்தனத்துக்குச் சான்று. தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 1997இல் இயற்றியது. அதனைச் செயற்படுத்தும் விதிகள் வெளிவந்ததோ 2018இல். இடைப்பட்ட 21 ஆண்டுகளும் அச்சட்டம் அரசிதழில் உறங்கிற்று. நடுவே 2010இல் நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டம் இயற்றியது; தமிழ்நாடோ தன் சட்டமே தனக்குப் போதும் என்றிருந்தது. விதிகள் வந்த பின்னரேனும் வேலை தொடங்கியதே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அவ்விதிகளின்படி நடக்கும் ஆய்வு எதைக் காண்கிறது?

மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக் குழு வந்தால் மருத்துவரின் பதிவுச் சான்றிதழைக் கேட்கும். அறையின் அளவையும் கருவிகளையும் பார்க்கும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவுப் பைகள் பிரிக்கப்பட்டுள்ளனவா, கழிவை எடுத்துச் செல்லும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் உண்டா என்று வினவும். படித்துப் பட்டம் பெறாதவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் கைது நடக்கும். 'போலி மருத்துவர் பிடிபட்டார்' என மறுநாள் செய்தி வரும். அத்துடன் ஆய்வு முற்றுப்பெறும்.

இவற்றை வீண்வேலை என நாம் இகழவில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ரத்தோதேரோ என்னும் ஊரில் 2019இல் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. ஒருமுறை பயன்படுத்திய ஊசியையும் குழலையும் மீண்டும் பயன்படுத்தியதே அதன் தலையாய காரணம் என்று ஆராய்ந்தோர் கண்டனர். காய்ச்சல் என்று தூக்கிச் சென்ற குழந்தைக்கு வாழ்நாள் நோயைக் கொடுத்தனுப்பியது கிளினிக். ஆகவே குப்பைத் தொட்டியின் நிறமும் உயிர் காக்கும் செய்தியே. ஆயினும் தூய்மையான அறையில், முறையான பட்டம் பெற்ற மருத்துவர், புதிய ஊசியைக் கொண்டே தவறான சிகிச்சை தரக்கூடும். அதனை எந்தப் படிவமும் காணாது.

இஃது ஊகமன்று. ஜிஷ்ணு தாஸ், ஜெஃப்ரி ஹாமர் என்னும் பொருளியலறிஞர்கள் இருவர் தில்லி மருத்துவர்களிடம் முதலில் கற்பனை நோயாளிகளைப் பற்றிக் கேள்வி கேட்டு அவர்கள் அறிவை அளந்தனர். பின்னர் அதே மருத்துவர்களின் அறையில் அமர்ந்து, உண்மை நோயாளியிடம் அவர்கள் என்ன செய்கின்றனர் என்று குறித்தனர். 2007இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு கசப்பானது. தெரிந்ததைக்கூட மருத்துவர்கள் செய்வதில்லை. கேட்க வேண்டிய வினா தெரிந்தும் கேட்கப்படவில்லை. தொட்டுப் பார்க்க வேண்டிய வயிறு தொடப்படவில்லை. பட்டத்தைப் பரிசோதிக்கும் ஆய்வாளர் மருத்துவரின் அறிவுக்கு மட்டுமே சான்று காண்கிறார். அறிவுக்கும் செயலுக்கும் இடையே உள்ள பள்ளம் அவர் கண்ணுக்குப் படுவதில்லை.

அடுத்து வந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை. வேலூரில் பயின்ற மதுகர் பாயும் ஜிஷ்ணு தாஸும் அவர்களின் குழுவினரும் சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி தந்து நோயாளிகளாக நடிக்க வைத்தனர். 'இரண்டு மூன்று வாரமாக இருமல், காய்ச்சல்' என்று சொல்லி அவர்கள் கிளினிக்கில் அமர்வார்கள். எந்த மருத்துவருக்கும் காசநோய் நினைவுக்கு வரவேண்டிய அறிகுறிகள் அவை. சளிப் பரிசோதனைக்கோ எக்ஸ்ரேக்கோ எழுதினாலும், தக்க இடத்துக்கு அனுப்பினாலும் சரியென்றே மதிப்பெண் இடப்பட்டது. இத்தனை எளிய தேர்விலும் தில்லியில் 250 சந்திப்புகளுள் 52இல் மட்டுமே சரியான வழி பின்பற்றப்பட்டது. பின்னர் மும்பையிலும் பாட்னாவிலுமாக 2,600க்கும் மேற்பட்ட சந்திப்புகள் நடந்தன. அங்கும் சரியானவை மூன்றில் ஒரு பங்கைச் சற்றே கடந்தன. எஞ்சியோரும் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. மருந்து பெற்றார்கள், கட்டணம் கொடுத்தார்கள், உண்மை நோயாளியாயின் நிறைவோடும் வீடு திரும்பியிருப்பார்கள். இருமல் சில நாள் அடங்கியிருக்கும். காசநோய் அடங்கியிராது.

நம் மாநிலத்தின் நிலைக்கு வருவோம். தொற்றா நோய்களைக் கணக்கெடுத்த 2020ஆம் ஆண்டின் ஸ்டெப்ஸ் ஆய்வு தமிழ்நாட்டுப் பெரியவர்களுள் நூற்றுக்கு 33.9 பேருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதைக் கண்டது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. சர்க்கரை நோயர் 17.6 விழுக்காட்டினர், கட்டுக்குள் இருந்தவர் அவர்களுள் 10.8 விழுக்காடு. பக்கவாதமும் மாரடைப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் இந்த எண்களிலிருந்தே முளைக்கின்றன. நோயே தெரியாமல் திரிபவர், தெரிந்தும் மருந்து உண்ணாதவர் இவருள் பலர் என்பது மெய். எனினும் மாதந்தோறும் ஒரு மருத்துவர் முன் அமர்ந்து, மாத்திரை வாங்கிச் சென்று, அழுத்தம் குறையாமலே இருப்பவர் எத்தனை பேர்? எந்தக் கிளினிக்கில் அவர்கள் மிகுதி, எங்கே குறைவு? நம் ஆய்வுப் படிவத்தில் இக்கேள்விக்கு இடமில்லை.

இடமிருந்தாலும் விடை கிடைப்பது அரிது. சிறு கிளினிக்குகளில் நோயாளி பற்றிய குறிப்பே பெரும்பாலும் கிடையாது. கம்பவுண்டர் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கும். அதில் டோக்கன் எண்ணும் பெயரும் வாங்கிய தொகையும் இருக்கும். அழுத்தம் எவ்வளவு, சென்ற மாதம் எவ்வளவு, எந்த மாத்திரை மாற்றப்பட்டது என்பன எங்கும் எழுதப்படுவதில்லை. மருத்துவரே மருந்து தரும் இடங்களில் வெள்ளைக் காகித உறைக்குள் மூன்று நிற மாத்திரைகள் போகும்; உறைமேல் காலை, மாலை என்று கோடு இருக்கும், மருந்தின் பெயர் இராது. தம் நோயாளிக்கு மருத்துவர் தாமே மருந்து வழங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்பது மருத்துவர்களின் தொழில்நெறி விதிகளில் 2016இல் சேர்ந்த திருத்தம். பெயரில்லா மாத்திரையை உண்டு உடம்பில் தடிப்போடு அரசு மருத்துவமனைக்கு வரும் முதியவளிடம் 'என்ன மருந்து சாப்பிட்டீர்கள் அம்மா?' என்று பயிற்சி மருத்துவர் கேட்டால், அவள் கூறக்கூடியது நிறத்தை மட்டுமே.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களின் நிலை இதனினும் மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேசியத் தர உறுதி நெறிகளின் கீழ் ஆய்வோர் நான்கு வழிகளில் உண்மை அறிகின்றனர்: கண்ணால் காண்பது, பணியாளரை வினவுவது, ஏட்டைப் புரட்டுவது, நோயாளியிடம் கேட்பது. சான்று பெறக் குறைந்தது 70 விழுக்காடு வேண்டும். சான்றிதழுக்காக ஆய்வுக்கு முன் வாரத்தில் வெள்ளையடித்து ஏடுகளை நிரப்பும் வழக்கமும் உண்டு என்பதை அறிந்தே சொல்கிறோம். அரசு செவிலியரிடம் இத்தனை கேட்கும் அரசு, மக்களில் மிகப் பலர் செல்லும் தனியார் அறையில் பைகளின் நிறத்தோடு மனநிறைவு கொள்வதற்கு என்ன நியாயம்?

இங்கே இங்கிலாந்தின் பட்டறிவு நமக்கு இருவகையிலும் பயன்படும். மான்செஸ்டரை அடுத்த ஹைட் என்னும் சிறு நகரில் ஹெரால்ட் ஷிப்மன் தனி மருத்துவராகத் தொழில் செய்துவந்தார். நோயாளிகள் அவரைப் போற்றினர். வீடு தேடி வரும் நல்ல மருத்துவர் என்றனர். 2000ஆம் ஆண்டு சனவரியில் 15 கொலைகளுக்காக அவர் தண்டிக்கப்பட்டார். நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை அவரால் கொல்லப்பட்டோர் 215 பேர் என்று 2002இல் அறிவித்தது. இவ்வளவு நெடுங்காலம் இது மறைந்திருந்தது எவ்வாறு? முதலில் ஐயுற்றவர்களுள் ஆய்வாளர் எவரும் இலர். உடல்களை எடுத்துச் சென்ற ஈமச்சடங்குப் பணியாளர்களும், தகனப் படிவத்தில் இரண்டாம் கையொப்பமிட்ட எதிர்த்தெரு மருத்துவர்களும் ஐயுற்றனர். அம்மருத்துவர்கள் 1998 மார்ச்சில் புகார் செய்தனர். காவல்துறை மேலோட்டமாக விசாரித்து முடித்துக்கொண்டது. அதன் பிறகும் மூவர் இறந்தனர். ஷிப்மனின் நோயாளிகளுள் எத்தனை பேர் இறந்தனர், அது பிற மருத்துவர்களின் கணக்கோடு எப்படி ஒத்துப்போகிறது என்று எவரேனும் எண்ணிப் பார்த்திருந்தால் உண்மை பல ஆண்டுகள் முன்பே வெளிப்பட்டிருக்கும். நோயாளியின் நன்மதிப்பு சிகிச்சையின் தரத்துக்குப் போதிய சான்றாகாது என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஷிப்மன் கொலைகாரர், நம் கிளினிக் மருத்துவர்களை அவரோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. கணக்கு இல்லாத இடத்தில் எதுவும் மறையும் என்பதற்காகவே அவரைக் குறிப்பிட்டோம்.

2009இல் இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் அமைந்தது. 2013 ஏப்ரல் முதல் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளும் அதன் பதிவுக்குள் வந்தன. பாதுகாப்பானதா, பயன் தருகிறதா, பரிவு உண்டா, மக்கள் தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நிருவாகம் செம்மையா என ஐந்து வினாக்கள். மிகச்சிறப்பு முதல் போதாது வரை நான்கு தரங்கள். 2015 முதல் அந்தத் தரத்தைக் கிளினிக்கின் வாயிலில் ஒட்டி வைப்பது கட்டாயமாயிற்று. அண்மை ஆண்டுகளில் நோயாளிக் குறிப்புகளுக்குள்ளேயே தேடும் முறையும் வந்துள்ளது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் உண்பவருக்குக் காலந்தோறும் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். தவறினால் எலும்பு மச்சையும் கல்லீரலும் கெடும். அப்படிப் பரிசோதனை தவறியவர் இந்தக் கிளினிக்கில் எத்தனை பேர் என்று ஆய்வுக் குழுவின் மருத்துவர் கணினியில் தேடி, பட்டியலை மேசைமேல் வைத்து விளக்கம் கேட்கிறார். சிகிச்சையை ஆய்வது என்று நாம் சொல்வது இதைத்தான்.

அந்த ஆணையமும் சறுக்கியது. 2014 நவம்பரில் எண்களை மட்டும் நம்பிக் கிளினிக்குகளை ஆபத்து வரிசையில் அடுக்கி வெளியிட்டது. கணக்கில் பிழை கண்டபின் மன்னிப்புக் கேட்டது, அடுத்த ஆண்டு அந்த வரிசையையே கைவிட்டது. பின்னாளில் இன்னும் பெரிய வீழ்ச்சி நேர்ந்தது. 2024இல் அரசுக்காக ஆராய்ந்த பென்னி டாஷ் அளித்த அறிக்கை ஆணையத்தின் உள்நிலையைத் திறந்து காட்டிற்று: ஆய்வுகள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன; பல நிலையங்களின் தரச்சான்று பழசாகிப் போயிருந்தது; மருத்துவமனைக்குள் அதற்குமுன் கால் வைத்தே இராதவர் மருத்துவமனையை ஆய்ந்தனர். துறையறிவு இல்லாத ஆய்வாளர் எத்தகைய படிவத்தைக் கையில் ஏந்தினாலும் பயனில்லை.

நம் மருத்துவர் சங்கங்களின் அச்சத்தையும் நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம். புதிய ஆய்வு என்றால் புதிய கையூட்டு என்பது இந்நாட்டில் அனுபவம் கற்பித்த பாடம். ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஏழைகளைப் பார்க்கும் ஒற்றை மருத்துவர், படிவங்களின் பாரம் தாங்காமல் கதவை அடைத்தால், அவருடைய நோயாளி பெருநிறுவன மருத்துவமனையின் வரவேற்பறையிலோ போலி மருத்துவரின் திண்ணையிலோ போய் நிற்பார். இரண்டும் கேடு. மருத்துவரைக் குறைகூறும் நாம், ஊசி போடாத மருத்துவரை 'கைராசி இல்லாதவர்' என்று ஒதுக்கிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகும் பொதுமக்களையும் மறக்கலாகாது. சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று எழுதாமல் அனுப்பும் மருத்துவர் அன்று மாலையே ஒரு குடும்பத்தை இழக்கிறார். நேர்மைக்கு அவர் தரும் விலை அது. நல்ல ஆய்வு அத்தகையவருக்குத் துணை நிற்கும். அவர் செய்தது சரி என்று எழுத்தில் சொல்ல இன்று அவருக்கு யாருமில்லை.

ஆதலால் ஆய்வுக் குழுவில் நாள்தோறும் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும். கேட்கப்படுவன மிகச்சிலவாக இருக்க வேண்டும். இருபது நோயாளிகளின் குறிப்புகளை முன்கூட்டித் தேராமல் எடுத்துப் பார்த்தால் போதும்: அழுத்தம் அளந்து எழுதப்பட்டதா, குறையாதபோது மருந்து மாற்றப்பட்டதா, மூன்று வார இருமலுக்குச் சளி பரிசோதிக்கப்பட்டதா, மருந்தின் பெயர் நோயாளி கையில் உள்ளதா. குறிப்பே இல்லாத கிளினிக்குக்கு முதல் ஆண்டில் அபராதம் வேண்டாம். அச்சிட்ட அட்டைகளையும் ஓராண்டு அவகாசத்தையும் அரசே தரட்டும். கண்டது எதுவோ அதை அன்றே எழுதி மருத்துவரிடம் ஒரு படி கொடுக்க வேண்டும். அவர் மறுமொழியும் அதனோடு சேர வேண்டும். இரண்டும் வாயிலில் ஒட்டப்பட்டால், மூடிய அறையில் கைநீட்ட விரும்பும் அதிகாரிக்கு விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

சில அளவுகளைக் கொண்டே உயிர் காக்கலாம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் அதற்குச் சான்று. புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டவரின் எடை, மூச்சு விடும் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிறர் தாங்காமல் நிற்கும் வலிமை ஆகியவற்றை அப்போதே பார்த்து, மெலிந்து தளர்ந்தவரை மருத்துவமனையில் சேர்க்க அது வழி செய்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. தராசும் விரலில் மாட்டும் சிறு கருவியும், அளந்ததை எழுத ஓர் அட்டையுமே அதன் முதல்.

மாநிலத்தில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சமுதாய மருத்துவத் துறை உண்டு. கற்பிக்கும் பேராசிரியர் அங்கு உளர்; பலவற்றில் பட்டமேற்படிப்பு மாணவரும் உளர். சுற்றுவட்டக் கிளினிக்குகளின் குறிப்புகளைப் பார்க்கவும், மருத்துவர் சங்கத்தின் இசைவோடு பயிற்சி பெற்ற நோயாளிகளை அனுப்பித் தரம் அளக்கவும் அவர்களை விடத் தகுதியானவர் யார்? இரண்டு மூன்று மாவட்டங்களில் முதலில் இதனை நடத்திப் பார்க்கலாம். புதிய சட்டம் வேண்டியதில்லை; 2018 விதிகளில் சிகிச்சைக் குறிப்பையும் அதன் ஆய்வையும் சேர்க்கும் திருத்தம் ஒன்றே போதும். அத்திருத்தத்துக்கான வரைவை மக்கள் நல்வாழ்வுத் துறை இவ்வாண்டே வெளியிட்டு, மருத்துவரிடமும் நோயாளிகளிடமும் கருத்துக் கேட்கத் தொடங்க வேண்டும்.